மழைக்கோட்டுக்குள் பெய்யும் மழை

கடையில் தொங்கும் மலையேற்ற ஜாக்கெட்டின் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். 10,000 மி.மீ., 10,000 கிராம். முதல் எண் தண்ணீரைத் தடுக்கும் திறன். துணியின் மேல் நீரின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எந்த உயரத்தில் மறுபக்கம் துளி கசிகிறதோ அதுதான் அந்த மில்லிமீட்டர். பத்து மீட்டர் நீரைத் தாங்கும் துணிக்கு நம் ஊர் மழை பொருட்டல்ல. இந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

இரண்டாவது எண்தான் வில்லங்கம். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது அது. இதை அளக்கப் பல முறைகள் உண்டு. அவை வேறுவேறு விடை தரும். அதனால் ஒரு நிறுவனத்தின் 10,000-மும் இன்னொன்றின் 10,000-மும் ஒன்றல்ல. சீட்டில் போட்டதை அப்படியே ஏற்றாலும் கணக்கு உதைக்கிறது. 24-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு மணிக்கு 400 கிராம் சொச்சம், அதுவும் ஆய்வகத்தில். முதுகுப்பையோடு செங்குத்தாக ஏறுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். மிச்சம் எங்கே போகும்? பனியனில்தான்.

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் கம்பியை வெடுக்கென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. கோர்-டெக்ஸ் பிறந்த கதை அதுதான். மழைத்துளி நுழைய முடியாத, ஆவி நுழையக்கூடிய துளைகள். ஆனால் ஆவி தானாக வெளியே போய்விடாது. உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் போகும். இமயத்தில் ஐந்து டிகிரி குளிரில் அந்த வித்தியாசம் தாராளமாகக் கிடைக்கிறது. ஜூலை மாத வால்பாறையில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, வித்தியாசம் சுருங்கிவிடும். இன்னும் கீழே, அடிவாரக் காட்டின் வெக்கையில், இருபதாயிரம் ரூபாய் ஜாக்கெட்டும் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இது புதுச் சேதி அல்ல. தலையிலிருந்து முதுகுவரை மூடும் கொங்காணி, இடுப்பில் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் தாள். தலையும் முதுகும் நனையாது. முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று ஓடும். நம் மழைக்குத் துணியின் நுண்துளையைவிடப் பெரிய ஓட்டைகள்தான் தேவை. ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று. அடுத்து, உட்புறத் தையல்கள் மீது டேப் ஒட்டியிருக்கிறதா என்று. இல்லையென்றால் பத்து மீட்டர் தாங்கும் துணியிலும் ஊசித்துளை வழியே தண்ணீர் வரும். பையோடு சேர்த்து மூடும் போஞ்சோ மலிவு, காற்றோட்டமும் உண்டு. முட்புதர்ப் பாதையில் மட்டும் ஆகாது. உள்ளே பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, உச்சியில் காற்றடித்தால் நடுக்கும்.

2024-ல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்ததிலிருந்து வாட்டர்ப்ரூஃப் ஷூவைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரும். வந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. அதன்பின் நாள் முழுக்க இரண்டு குடங்களைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நனைந்து, வடிந்து, காயும் வலைத்துணி ஷூ நமக்குத் தோது. மலேசியாவில் ரப்பர் தோட்டக்காரர்கள் போடும், ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணியைக் காட்டில் நடப்பவர்களும் மலையோட்டக்காரர்களும் விரும்பி அணிவது சும்மா இல்லை. அடியில் குமிழ்கள், சேற்றில் நல்ல பிடி, விலையோ சொற்பம். அட்டைக்கு எந்த ஷூவும் காவலில்லை. முழங்கால்வரை இழுத்துக் கட்டும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை தனியாக வேண்டும்.

மீன்பிடிப்பில் கதை மாறுகிறது. இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் பிடிக்க நிற்பவரின் கால் பனியுருகிய நீரில் மணிக்கணக்காக இருக்கும், உடம்பு அசையாது. வெளியே குளிர், உள்ளே சூடு. நுண்துளைத் துணி சொன்ன வேலையைச் செய்யும் இடம் இதுதான். ஆற்றில் இறங்கி நிற்க மார்புவரை வரும் ‘வேடர்’ (wader) உடைக்குக் காசு செலவழிக்கலாம். இடுப்பு பெல்ட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. வழுக்கி விழுந்தால் உடைக்குள் வெள்ளம் புகாமல் தடுப்பது அதுதான். பாசிப்பாறையில் ஃபெல்ட் (அழுத்தித் திரட்டிய இழை) அடி வைத்த பூட்ஸ் அருமையாகப் பிடிக்கும். ஆனால் அந்த ஃபெல்ட்டின் ஈரத்தில் டிடிமோ என்ற பாசி ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு பரவும் என்று நியூசிலாந்து 2008-ல் அதைத் தடை செய்துவிட்டது. ரப்பர் அடியே உத்தமம். ஊர் திரும்பியதும் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும்.

வாங்கிய பிறகு நடப்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஜாக்கெட்டின் மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால், அழுக்கும் வியர்வைப் பிசுக்கும் ஏறிவிட்டது என்று அர்த்தம். மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி செய்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பாலியூரித்தேன் பூச்சுள்ள மலிவான ஜாக்கெட்டுக்கு வேறு எமன் உண்டு: சென்னைப் புழுக்கம். அலமாரிக்குள் சும்மா இருந்தாலும் ஈரக்காற்றில் அந்தப் பூச்சு சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும்.

ஷூவின் நடு அடியில் இருப்பது பாலியூரித்தேன் நுரை என்றால் அதற்கும் இதே கதிதான். இரண்டு முறை போட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்திய ஷூ, நாலைந்து வருடம் கழித்து மலைப்பாதையில் அடி வாயைப் பிளப்பது இதனால்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எடுத்து, முன்பகுதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டு நுரையில் நகத்தால் அழுத்துங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ பசை போட்டுப் பயனில்லை. பசை பிடித்துக்கொள்ளும், நுரை விட்டுவிடும். அடியை முழுதாக மாற்றித் தைக்க ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் புதுசு வாங்கி, அந்த ஒரு வாரமும் தெருவில் நடந்து பழகிவிட்டுப் போங்கள்.