தலையைவிட வால் நீளம்!

தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவேண்டும். "ஆபீஸ்ல நாள்பூரா கம்ப்யூட்டரைத்தானே தட்டறே... இங்கிலீஷ் பக்கத்தை நீயே பண்ணிடேன்" என்றார் அப்பா.

பண்ணினேன். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'ஸாப்ஃபினோ' என்று ஒரு ஃபான்ட் உண்டு. பேனாவால் எழுதினாற்போல் சுழிப்பு, வளைவு, மயில்தோகை மாதிரி நீண்ட வால்! சொக்கிப்போய், பெயர், முகூர்த்த நேரம், மண்டப விலாசம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். அதுவும் முழுக்க முழுக்க கேப்பிடல் எழுத்தில்!

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ப்ரூஃபைப் பார்த்தார். கிட்டே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். "டிசைன் அமர்க்களமா இருக்குடா... மாப்பிள்ளை பேரு எங்கே?"

அசடு வழிந்தது. யார் இந்த ஃபான்டைச் செய்த புண்ணியவான் என்று அன்று ராத்திரியே துருவினேன்.

ஹெர்மன் ஸாப்ஃப். 1918-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் பிறந்தவர். எலெக்ட்ரிகல் இன்ஜினீயராக ஆசை. ஆனால், அப்பா தொழிற்சங்கக்காரர். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பையனின் படிப்புக்கு வழி அடைபட்டது. அச்சுத் தொழிலுக்குப் போனார். 1935-ல் ஓர் எழுத்துக்கலைக் கண்காட்சியைப் பார்த்து மயங்கி, புத்தகம் வாங்கிவைத்துத் தானாகவே எழுதிப் பழகினார். வாத்தியாரே கிடையாது!

உலகப்போரில் அவருக்கு மேப் வரையும் வேலை. 1944-ல் ஸ்கெட்ச் புத்தகத்தில் அழகாக எழுதிவைத்த ஒரு பக்கம்தான் ஸாப்ஃபினோவுக்கு விதை. ஆனால், ஈய எழுத்தில் ஒவ்வொன்றும் கட்டைக்குள் அடங்கவேண்டுமே, அத்தனை நீள வாலுக்கு எங்கே போவது? கம்ப்யூட்டர் வந்துதான் கதவு திறந்தது. 1998-ல் லினோடைப் நிறுவனம் ஸாப்ஃபினோவை வெளியிட்ட வருஷம்தான் ஸாப்ஃபுக்கு 80 வயது நிறைந்தது! 2015-ல்தான் காலமானார்.

கையால் எழுதும்போது ஓர் எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி விழுமா? அதனால் இதில் ஒரே எழுத்துக்குப் பல உருவங்கள். பக்கத்து எழுத்தைப் பார்த்து ஆளை மாற்றிக்கொள்ளும். ஆப்பிளில் 'ஸாப்ஃபினோ' என்று இங்கிலீஷில் அடித்துப் பாருங்கள்... ஏழு எழுத்தும் கைகோத்து ஒரே சித்திரமாகிவிடும்!

அப்போதுதான் என் தப்பு உறைத்தது. கேப்பிடல் எழுத்து ஊர்வலத்தின் முன்னால் போகிற யானை. ஒரு யானை அழகு. ஊர்வலம் பூரா யானை என்றால் சாமி எங்கே தெரியும்? வால் நீளமாச்சே, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். சின்ன சைஸில் போட்டால் வெறும் கிறுக்கல்தான்.

மறுபடி உட்கார்ந்தேன். மணமக்கள் பெயர் இரண்டு மட்டும் ஸாப்ஃபினோ, முதலெழுத்து மட்டும் கேப்பிடல். நேரம், மண்டபமெல்லாம் அதே ஸாப்ஃப் செய்த அடக்கமான 'பாலடினோ'வில். சுற்றிலும் வெள்ளை இடம்.

அப்பா கையில் கொடுத்தேன். மாப்பிள்ளை பெயரைக் கணீரென்று வாசித்தார். தங்கை பெயர் வந்ததும் குரல் லேசாகக் கம்மியது.

அதுக்கு ஃபான்ட் காரணமில்லை ஸார்!