ஐ.சி.யூ.வில் ரகசிய இளநீர்! ஊட்டினால் உயிருக்கே ஆபத்து

பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் இந்தக் காட்சி தவறாது. கையில் தூக்குவாளி, பிளாஸ்க், கூடையில் இளநீர். வாட்ச்மேன் தடுப்பார். "மனுஷன் சாப்பிட்டு மூணு நாளாச்சுய்யா, ஒரு வாய் குடுக்க விடுங்க" என்று கெஞ்சுவார்கள். சிலர் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுபோய், நர்சு அந்தப் பக்கம் திரும்பியதும் ஸ்பூனால் ஊட்டியும் விடுகிறார்கள்.

பாசம்தான். வினையும் அங்கேதான்.

நினைவு தப்பிக் கிடப்பவருக்கு விழுங்கும் சக்தி சரியாக இருக்காது. வாயில் விட்டது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்புறம் நிமோனியா. செயற்கை சுவாசக் குழாயை எடுத்த பிறகும் சில நாள் தொண்டை சொன்னபடி கேட்காது. சிறுநீரகம் கெட்டவர் என்றால் இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

15 பாட்டில்!

"அதான் குளுக்கோஸ் ஏறுதே, அதுவே சாப்பாடு" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அதுவும் தப்புக் கணக்கு. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரியைத் தாண்டாது. சலைன் பாட்டிலில் அதுவும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரியும் 75 கிராமுக்கு மேல் புரதமும் வேண்டும். குளுக்கோசிலேயே ஈடுகட்டப் பார்த்தால் 15 பாட்டில். புரதம் அப்போதும் பூஜ்யம்.

நிஜச் சாப்பாடு மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் டியூபில்தான். ரத்த அழுத்தம் ஓரளவு நிலைப்பட்டதும், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பார்கள். தலைமாட்டை உயர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக இறக்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். குடல் வேலை செய்யாதவருக்கு மட்டும் சத்து முழுவதும் ரத்தக் குழாய் வழியே.

தொடை இளைத்தது

2013-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசை 10 நாளில் சராசரியாக 17.7 சதவீதம் இளைத்திருந்தது. நோயும் படுக்கையும் சேர்ந்து தசையைத் தின்கின்றன. இதில் பட்டினியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக் கஞ்சியை டியூபில் ஊற்றச் சொல்லி மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. கெட்டியாக இருந்தால் டியூப் அடைத்துக்கொள்ளும். தண்ணியாக இருந்தால் சத்து இல்லை.

"டியூப் பீடிங் ஆரம்பிச்சாச்சா, இன்னிக்கு எத்தனை மில்லி போச்சு?" என்று டூட்டி நர்சிடம் தாராளமாகக் கேட்கலாம். சார்ட்டில் மணி வாரியாக எழுதியிருப்பார்கள்.