மழை ஊரில் வழுக்கும் வாசல்

மாணவர்களே, கமுந்திங்கில் குடை இல்லாத புத்தகப்பையைப் பார்ப்பது அரிது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்றை பிந்தாங் மலைத்தொடர் மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று குளிர்ந்து மழையாகப் பெய்கிறது. பக்கத்து ஊரான தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை! இந்த ஈரம்தான் நம் வீட்டு சிமெண்டு வாசலிலும் துணி துவைக்கும் இடத்திலும் பச்சைப் பாசியை வளர்க்கிறது. அதன்மேல்தான் தாத்தாவும் பாட்டியும் தினமும் நடக்கிறார்கள்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

விழுவதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, வழுக்குவது. நடக்கும்போது குதிகால் தரையை முன்னோக்கித் தள்ளும். அப்போது காலைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. பள்ளியில் 'கெசேரான்' என்று படிக்கிறீர்களே, அதுதான். செருப்புக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர், சோப்பு, பாசி ஆகியவை மெல்லிய படலமாக நின்றால் உராய்வு குறைந்துவிடும். கால் முன்னே ஓட, உடல் பின்னால் சாயும். செருப்பின் அடியிலுள்ள பள்ளங்கள் தண்ணீருக்கு வழிவிடுகின்றன. அவை தேய்ந்துவிட்டால், தேய்ந்த டயரின் கதைதான்.

இரண்டாவது, தடுக்குவது. இங்கே எல்லாம் தலைகீழ். கால் நின்றுவிடும், உடலோ நிலைமத்தால், அதாவது 'இனெர்சியா'வால், முன்னே போகும். நாம் நடக்கும்போது கால் நுனி தரையிலிருந்து 1 அல்லது 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடக்கிறது. மடிந்த கால்மிதியோ மின்விசிறி வயரோ போதும், தடுக்கிவிட. காலை இழுத்து நடக்கும் முதியவர்களுக்கு அந்த இடைவெளி இன்னும் குறைவு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலகையின்மேல் செருப்பை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு சறுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, உயர்த்திய முனைக்கு நேர்கீழே தரையில் ஒரு குறியிடுங்கள். முனையின் உயரத்தை, அந்தக் குறிக்கும் பலகையின் மறுமுனைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். உலர்ந்த பலகை, நனைந்த பலகை, சோப்புத் தண்ணீர் ஊற்றிய பலகை என மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். பழைய செருப்பையும் புதிய செருப்பையும் சோதித்துப் பாருங்கள்.

பிறகு வீட்டைச் சுற்றி வாருங்கள். பாசியைக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச் பயன்படுத்தினால் பெரியவர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு வெளியாகும். வயர்களைச் சுவரோரம் ஒதுக்குங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

கடைசியாக, பாட்டியின் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அடி வழவழப்பாக இருந்தால், இந்த வாரமே புதுச்செருப்பு வாங்க வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.