கட்சிக்காரர் வாடிக்கையாளர் அல்ல

முன்சீப் கோர்ட் வராந்தாவில் அன்றாடம் நடப்பதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் குமாஸ்தா ஒரு வக்காலத்துப் படிவத்தை நீட்டுகிறார். நலநிதி ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. வழக்கு எண்ணுக்கான இடம் மட்டும் காலி. "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு போடுங்க" என்று பேனா முனையால் தொட்டுக் காட்டுகிறார். வந்தவர் கையெழுத்துப் போடுகிறார். படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறவர் அபூர்வம். ஆஜராக, மனு போட, ராஜி பேச, கோர்ட்டில் கட்டிய பணத்தை வாங்க என்று பெரும்பாலான அதிகாரங்கள் அந்த ஒரு தாளில் கைமாறிவிடுகின்றன.

அந்த நிமிடத்திலிருந்து அவர் வக்கீலின் கட்சிக்காரர். கடைக்கு வருகிறவரை வாடிக்கையாளர் என்கிறோம், வக்கீலிடம் வருகிறவரை அப்படிச் சொல்வதில்லை. பேச்சு வழக்கு எப்போதோ பிரித்து வைத்த இந்த வேறுபாட்டை, 2024-இல் உச்ச நீதிமன்றம் சட்டமாகவே உறுதி செய்தது. அதை ஒட்டி அடுத்தடுத்து வந்த மூன்று தீர்ப்புகள், யார் வக்கீலாகலாம், யார் நீதிபதியாகலாம், வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைப் போலீஸ் கேட்கலாமா என்பதைத் தீர்மானித்திருக்கின்றன. கட்சிக்காரருக்கு இதில் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன?

ஒரு செக் கேஸில் முளைத்த கேள்வி

டெல்லியில் ஒருவர், தனக்கு வந்த செக் பவுன்ஸ் ஆனதால் வக்கீல் வைத்து வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு இறங்கி வந்து, செக் தொகை 20,000 ரூபாயும் செலவுக்கு 5,000 ரூபாயும் கொடுக்கச் சம்மதித்தது. பணம் வக்கீல் கைக்கு வந்தும் தன் கைக்கு வரவில்லை, ஃபீஸ் பாக்கி என்று 5,000 ரூபாயை ரொக்கமாகக் கேட்கிறார் என்பது கட்சிக்காரரின் புகார். அவர் நுகர்வோர் மன்றத்தின் படியேறினார். மாவட்ட மன்றத்தில் ஜெயித்தார், மாநில ஆணையத்தில் தோற்றார். 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், வக்கீலின் வேலையும் நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை'தான் என்றது. வக்கீல் சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போயின.

2024 மே 14-ஆம் தேதி நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு அந்த முடிவை ரத்து செய்தது. வக்கீல் மீது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்ய முடியாது. இதற்குத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல. வேறு எந்தத் தொழிலோடும் ஒப்பிட முடியாத தனி ரகம். வக்கீலுக்குக் கட்சிக்காரரிடம் மட்டுமின்றி நீதிமன்றத்திடமும் கடமை இருக்கிறது. இரண்டாவது காரணம்தான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்க வைக்கும். வக்கீலைக் கட்டுப்படுத்துகிறவர் கட்சிக்காரர்தான் என்றது நீதிமன்றம். கட்சிக்காரர் சொல்லாமல் வக்கீல் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அவர் அனுமதியின்றி எந்த உறுதியும் தரக் கூடாது. ஆகவே இது 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்'. அத்தகைய ஒப்பந்தத்தை நுகர்வோர் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

"அப்படியானால் டாக்டருக்கு ஒரு நியாயம், வக்கீலுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்கத் தோன்றும். மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1995-இல் வந்த வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பு. அதையும் மறுபரிசீலனை செய்யலாம் என்று 2024 மே தீர்ப்பு பரிந்துரைத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அதற்குத் தேவை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் மீது போக முடியாது. இன்றைய நிலை இதுதான்.

மிச்சமிருக்கும் கதவுகள்

ஒரு கதவு அடைபட்டதால் வக்கீலைக் கேள்வி கேட்கவே வழியில்லை என்று ஆகிவிடாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ், தொழில் ஒழுங்கீனம் பற்றி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து வக்கீலைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது சட்டம். அதன் முடிவும் பிடிக்கவில்லை என்றால் 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். ஆனால் பார் கவுன்சில் விசாரணையில் வக்கீலுக்குத் தண்டனை கிடைக்குமே தவிர, அது நஷ்ட ஈட்டு வழக்கு அல்ல. கவனக்குறைவால் நஷ்டம் என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வராந்தாவில் அடிக்கடி கேட்கும் இரண்டு சங்கடங்களுக்கும் விதி தெளிவாகவே இருக்கிறது. "ஃபீஸ் பாக்கியைக் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்று சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைப்பது தவறு என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்க வக்கீலுக்கு வேறு சட்ட வழி உண்டு. "ஜெயித்தால் வருவதில் இத்தனை சதவீதம்" என்று பேசி முடிப்பதும் பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதமே.

ரகசியம் யாருடையது?

கடைக்காரரிடம் யாரும் மனதைத் திறப்பதில்லை. வக்கீலிடம் திறந்தாக வேண்டும். அந்தப் பேச்சுக்கான பாதுகாப்பு 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 132-ஆவது பிரிவாகியிருக்கிறது.

2025-இல் அதற்குச் சோதனை வந்தது. குஜராத்தில், கடன் தகராறு வழக்கு ஒன்றில் கட்சிக்காரருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த வக்கீலுக்கே போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டில், சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பங்கு ஒதுக்கீடு பற்றி அவர் கொடுத்திருந்த சட்டக் கருத்துதான் காரணம். அடுத்து மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும் சம்மன் போனது. வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அமலாக்கத் துறை சம்மன்களைத் திரும்பப் பெற்றது. இனி வக்கீலுக்குச் சம்மன் அனுப்ப இயக்குநரின் ஒப்புதல் வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கையும் விட்டது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2025 அக்டோபர் 31 அன்று அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கட்சிக்காரரின் வழக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. 132-ஆவது பிரிவிலேயே உள்ள விலக்குகளுக்குள் வந்தால் மட்டும் அனுப்பலாம்: கட்சிக்காரர் சம்மதித்தால், சட்டவிரோதக் காரியத்துக்காகவே அந்தப் பேச்சு நடந்திருந்தால், வக்காலத்து வாங்கிய பிறகு குற்றமோ மோசடியோ நடந்ததை வக்கீல் கண்டிருந்தால். அப்போதும் எந்த விலக்கு என்று சம்மனிலேயே எழுத வேண்டும். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி திருப்தியடைந்து, அதை எழுத்தில் பதிவு செய்து ஒப்புதல் தர வேண்டும். வக்கீலின் லேப்டாப், செல்போன் தேவைப்பட்டால் கோர்ட்டில்தான் ஒப்படைக்கச் சொல்லலாம். கட்சிக்காரருக்கும் நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பு முன்னிலையில்தான் திறக்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரிக்கு 132-ஆவது பிரிவு பொருந்தாது என்றது தீர்ப்பு. அவர் சுதந்திரமாகக் கோர்ட்டில் தொழில் செய்கிறவர் அல்ல என்பது காரணம். இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் விலக்கை. கட்சிக்காரர் சம்மதித்தால் பூட்டு திறக்கிறது. அப்படியென்றால் பூட்டு வக்கீலுடையது அல்ல, சாவி கட்சிக்காரர் கையில்.

கவுனுக்கு என்ன விலை?

கட்சிக்காரருக்குத் தன் ஊர், தன் நிலை தெரிந்த வக்கீல் கிடைக்க வேண்டுமென்றால், எளிய வீட்டுப் பிள்ளைகளும் கவுன் போட முடிய வேண்டும். சட்டப் படிப்பு முடித்துப் பதிவு செய்ய, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு விதிக்கும் கட்டணம் 750 ரூபாய்: மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 மட்டும். நடைமுறையில் நூலகம், நலநிதி, சரிபார்ப்பு என்று பல தலைப்புகளில் மாநிலத்துக்கு மாநிலம் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வசூலானது.

2024 ஜூலை 30 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கௌரவ் குமார் வழக்கில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நாடாளுமன்றம் எழுதிய தொகைக்கு மேல் பதிவின்போது ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் அது சமத்துவத்துக்கும், தொழில் செய்யும் உரிமைக்கும் எதிரானது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வராது. 'விருப்பக் கட்டணம்' என்ற பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. இதில் பார் கவுன்சில்களின் கவலையும் நியாயமானதே: 750 ரூபாயில் அலுவலகம் எப்படி நடக்கும்? பதிவுக்குப் பிறகு வழங்கும் சேவைகளுக்கு நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு காட்டிய வழி.

மேடை ஏறுமுன் மூன்று வருடம்

சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற விதி 1993-இல் வந்தது, 2002-இல் போனது. 2025 மே 20 தீர்ப்பில் அது திரும்ப வந்தது. கல்லூரியிலிருந்து நேராக நீதிபதி இருக்கைக்குப் போகிறவர்கள் கோர்ட் நடப்புத் தெரியாமல் திணறுகிறார்கள் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே மூன்றாண்டைக் கணக்கிடலாம். முதன்மை நீதித் துறை அதிகாரியின் சான்று, அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீல் கொடுத்து நீதித் துறை அதிகாரி மேலொப்பமிட்ட சான்று வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் கணக்கில் சேரும். அதற்கு முன்பே அறிவிக்கப்பட்ட தேர்வுகளுக்கு இந்த விதி கிடையாது.

ஜூனியராகச் சேர்ந்தால் ஆரம்ப வருடங்களில் கையில் வருவது பஸ் செலவுக்குத்தான் போதும் என்பது பார் அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று வருடத்தை வசதியில்லாத வீட்டுப் பெண்ணும் பையனும் எப்படித் தாண்டுவார்கள் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை. கட்டணத் தீர்ப்பு அகலமாக்கிய வாசலை இது சற்றே குறுக்கிவிடக்கூடும்.

பத்து நாள் வாழ்ந்த மசோதா

தீர்ப்புகள் ஒரு பக்கம் இருக்க, வழக்கறிஞர்கள் சட்டத்தையே திருத்த ஒன்றிய அரசு 2025 பிப்ரவரி 13 அன்று ஒரு வரைவை வெளியிட்டது. கோர்ட் புறக்கணிப்புக்குத் தடை, இந்திய பார் கவுன்சிலில் அரசு நியமன உறுப்பினர்கள் என்ற பிரிவுகள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. பல ஊர்களில் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தே எதிர்ப்பைக் காட்டினார்கள். வேலைநிறுத்தம் செய்ய வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2002-இலேயே ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது வேறு விஷயம். பிப்ரவரி 22-ஆம் தேதி, திருத்தி எழுதுவதாகச் சொல்லி அரசு பின்வாங்கியது. பார் கவுன்சிலின் சுதந்திரம் தப்பியது. வக்கீல் மீதான புகாரை வேகமாக விசாரிக்க அதை எப்படிப் பலப்படுத்துவது என்ற பேச்சு அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிய பிறகு, கட்சிக்காரர் நம்பியிருப்பது அந்த விசாரணையைத்தான்.

காலி இடத்தை நிரப்புங்கள்

வக்கீலைக் கட்டுப்படுத்துகிறவர் கட்சிக்காரர் என்ற அடிப்படையில்தான் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்பட்டது. அடுத்த வாய்தா எப்போது என்று குமாஸ்தாவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் யாரைக் கட்டுப்படுத்த முடியும்? எஜமான் என்று சட்டம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, எஜமானுக்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

அதற்குச் சில காரியங்களை இன்றே செய்யலாம். வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராஜி பேசவும் பணம் வாங்கவும் அதிகாரம் கொடுக்கிறோமா என்று கேளுங்கள். ஃபீஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மனு நம்பர் ஆனதும், வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் போன வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்தது எப்போது என்று வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்ட அன்று வக்காலத்தில் காலியாக இருந்த அந்த இடத்தில் என்ன எண் ஏறியது என்று தெரிந்துகொள்வதில்தான் கட்சிக்காரரின் அதிகாரம் ஆரம்பிக்கிறது.