கூரையிற் காயும் வெயில்

முற்றத்தில் நெல்லைக் காயவைத்தோம், மிளகாயைக் காயவைத்தோம், ஒடியலையும் வடகத்தையும் காயவைத்தோம். வெயில் ஒரு செல்வம் என்பதை நம் பெண்கள் எந்நாளும் அறிந்திருந்தனர். கூரைமேல் விழுந்த வெயிலை மட்டும் எவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டைச் சுடவைக்கும் தொல்லையாகவே அது கருதப்பட்டது. இன்று அவ்வெயிலே விளக்கேற்றுகிறது. மாத முடிவில் மின்கட்டணப் பட்டியலைக் கண்டு குடும்பத்தலைவர் துணுக்குறும் இக்காலத்தில் இஃது ஆராயத்தக்க பொருளாகும்.

இலங்கையின் மின்சாரத்துக்கு நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது மலைநாட்டு நீரே. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950 இல் லக்சபானாவில் நிறைவேறியது. தேவை பெருகவே எண்ணெயும், 2011 முதல் நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் துணைக்கு வந்தன. இவ்விரண்டும் கடல்கடந்து வருவன. அந்நியச் செலாவணி கொடுத்தே பெறவேண்டியன. அச்செலாவணி வற்றிய 2022 இல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருளில் ஆழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் ஓரளவு குறைந்ததாயினும், அன்று கற்ற பாடம் மறக்கத்தக்கதன்று.

வெயில் மின்சாரமாவது எங்ஙனம்? ஒளி பட்டால் மின் பிறக்கும் என்பதை 1839 இலேயே பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரெல் கண்டார். எனினும் பயன்படத்தக்க சிலிக்கன் கலம் 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில்தான் உருவாயிற்று. அது தன்மேல் விழுந்த ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தையே மின்னாக்கியது. இன்று வீட்டுக் கூரைகளில் அமையும் தகடுகள் பல 20 சதவீதத்தையும் கடந்துவிட்டன. தகட்டிற் பிறப்பது நேரோட்டம். அதனை வீட்டுக் கருவிகளுக்கேற்ற ஆடலோட்டமாக மாற்றித் தருவது ‘இன்வேர்ட்டர்’ எனும் கருவி. நிழல்படாத கூரையில் ஒரு கிலோவாற்று அளவான தகடுகள், நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய நான்கு அலகு மின்சாரம் தரும். தென்னையின் நிழலும், படியும் புழுதியும், கடற்கரையாயின் உப்புக்காற்றும் கவனிக்கத்தக்கவை.

ஆயின் உற்பத்திக்கு முன்னே வருவது சிக்கனம். அறுபது வாற்று மின்குமிழ் ஒன்று நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால், மாதத்துக்கு ஒன்பது அலகு செலவாகும். அவ்வொளியையே தரும் ஒன்பது வாற்று எல்.ஈ.டி. விளக்குக்கு ஒன்றரை அலகும் தேவையில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் கட்டணமுறை ஏணியைப் போன்றது. பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். ஆகவே நாம் மிச்சம் பிடிக்கும் அலகு, ஏணியின் உச்சியில் உள்ள அலகு; எல்லாவற்றிலும் விலை கூடியதும் அதுவே. சூரிய ஒளியும் முதலில் இவ்வுச்சிப் படியையே வெட்டுகிறது. சிறிய அமைப்பொன்றும் பட்டியலிற் பெரிய மாற்றத்தைக் காட்டுவதன் இரகசியம் இதுதான்.

பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பொதுவலையமைப்புக்கு அனுப்பி, இரவில் அதற்கீடாகப் பெற்றுக்கொள்ளும் முறை 2010 ஆம் ஆண்டளவில் இங்கு வந்தது. 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம், மிஞ்சியதற்குப் பணமும் தந்தது. முதல் ஏழாண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபா என்பது அன்றைய விலை. புதிதாய்ச் சேர்வோருக்குரிய விலை பின்னர் பலமுறை மாறிற்று. எனவே புதிதாக அமைப்போர் விற்பனையாளரின் பேச்சை மட்டும் நம்பாது, அன்றன்றுள்ள விலையை விசாரித்தறிதல் வேண்டும். இன்னொன்றும் அறிக: வலையமைப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். கம்பியிற் பணிபுரியும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். இருளிலும் ஒளி வேண்டுவோர் மின்கலச் சேமிப்புக்கும் செலவிடவேண்டும்.

வெயிலுக்கும் நம் தேவைக்கும் ஒரு பிணக்கு உண்டு. கதிரவன் உச்சியில் நிற்பது நண்பகலில். நம் வீடுகள் மின்சாரத்தை அவாவுவது மாலை ஆறரை மணியின் பின். 2025 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையின்போது தொழிற்சாலைகள் ஓய்ந்திருக்க, கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. செல்வம் மிகுந்தும் சேர்த்துவைக்கக் களஞ்சியம் இல்லாத நிலை இது. கிணற்று நீரிறைத்தலையும், துணி துவைத்தலையும், உடைகளை அழுத்துதலையும் பகலுக்கு மாற்றுவது தனிவீட்டார் செய்யத்தக்கது. பெருமின்கலங்களை நிறுவுவது அரசின் கடன்.

இறுதியாக ஒரு கேள்வி. சொந்தக் கூரையும் கையிற் பணமும் உடையவன் கட்டணச் சுமையினின்று விடுபடுகிறான். வாடகை வீட்டில் வாழும் ஆசிரியனும், தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளியும் என் செய்வர்? பாடசாலைக் கூரைகளும், கூட்டுறவுச் சங்கங்களின் மண்டபங்களும் ஊருக்குப் பொதுவானவை. அவற்றின்மேல் விழும் வெயிலை ஊருக்கே பயன்படச் செய்வதும், எளியோருக்கு இலகு கடன் கிடைக்கச் செய்வதும் இயலாத காரியங்கள் அல்ல. வெயில் குடிசையென்றும் மாளிகையென்றும் பார்த்துக் காய்வதில்லை. அதன் பயன் மட்டும் பார்த்துப் போகுமாயின், குற்றம் கதிரவனுடையதன்று.