எண்பத்தேழில் ஒரு பங்காக ஒரு கடைத்தெரு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பொம்மை ரயில் என்றால் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் மாதிரி ரயில் அமைப்பது ஒரு கலை. கலையைவிட அதிகமாக அது ஒரு கணக்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சியகத்தில் இன்று சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிறு தண்டவாளம் போடப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் பூனாவில் ஜோஷி என்பவர் அமைத்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் உள்ளது. இத்தகைய இடங்களில் மக்கள் ரசிப்பது ரயிலை மட்டுமன்று. அது கடந்து செல்லும் ஊரையும்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு தெருவை அமைப்பது எப்படி என்பதை, விடுமுறையில் நானும் நண்பர்கள் இருவரும் செய்த தேங்காய்ப்பட்டணம் கடைத்தெருவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலுக்குக் குழித்துறை செல்ல வேண்டும். 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதை எங்கள் கடற்கரையைத் தொடாமல் உள்நாட்டு வழியே செல்கிறது. மாதிரியில் மட்டும் அந்தப் பாதையைக் கடைத்தெருவின் பின்புறம் வரை கொண்டுவந்தோம்.

முதலில் அளவு

உலகில் மிகுதியாகப் புழங்கும் மாதிரி ரயில் அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு என்பது இதன் பொருள். இந்த ஒரே எண்ணால் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள மனிதர் 19 மி.மீ. ஆவார். 7 மீட்டர் அகலச் சாலை 8 செ.மீ. ஆகும். 20 மீட்டர் தென்னை 23 செ.மீ. உயரம் நிற்கும். வேகமும் இவ்வாறே. மணிக்கு 60 கி.மீ. செல்லும் ரயில் மாதிரியில் வினாடிக்கு 19 செ.மீ.தான் நகர வேண்டும். 6 அடி நீளப் பலகையைக் கடக்க அதற்கு 9 வினாடிக்கு மேல் ஆகும். அதைவிட விரைந்து ஓடினால் அது பொம்மையாகிவிடும்.

தண்டவாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; இது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பியப் பாதைக்குரியது. நம் அகலப்பாதையோ 1676 மி.மீ.; அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தையே பயன்படுத்துவதால் இந்தக் குறையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தெரு எதற்கு?

தெரு வெறும் அலங்காரம் என்று கருதுவது தவறு. அதற்கு இரண்டு வேலைகள் உள்ளன.

ஒன்று, அது அளவுகோல். தனியே ஓடும் ரயிலைப் பார்த்து அதன் பருமனை அறிய முடியாது. பக்கத்தில் ஒரு கதவும், ஒரு மிதிவண்டியும், குடை பிடித்த ஒரு மனிதரும் இருந்தால் கண் தானாகவே கணக்கிட்டுக்கொள்ளும்.

இரண்டு, அது திரை. நம் அகலப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. மாதிரியில் இது 2 மீட்டர். அதாவது ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வரவே 4 மீட்டர் அகலம் வேண்டும். நம் வீடுகளில் அதற்கு இடமேது? ஆகவே அரை மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வளைத்துவிட்டு, அந்த வளைவைக் கடைவரிசையால் மறைக்கிறோம். கட்டடங்களுக்குப் பின்னே சென்ற ரயில் மறுபுறம் வெளிவரும்போது, அது வேறோர் ஊருக்குப் போய் வந்ததாகவே பார்ப்பவருக்குத் தோன்றுகிறது.

தெருவைப் பலகையின் ஓரத்துக்கு இணையாகப் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட வேண்டும். அதன் முடிவு கண்ணில் படாதபடி ஒரு திருப்பம் வைக்க வேண்டும். பின்வரிசைக் கட்டடங்களை 120இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் தொலைவு கூடியது போலிருக்கும். எங்கள் ஊரின் பழைய கற்பள்ளிவாசலை இம்முறையில்தான் பின்னால் நிறுத்தினோம்.

பொருள்கள்

விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. சுவருக்குப் பழைய நோட்டு அட்டை போதும். ஓட்டுக் கூரைக்கு மெல்லிய நெளியட்டை பொருந்தும். நெளிவுக்கு நெளிவு 3 மி.மீ. இருந்தால் அது 26 செ.மீ.க்குச் சமம், ஓட்டின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. மளிகைப் பெட்டியின் தடித்த அட்டை இதற்கு ஆகாது.

கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைத்தாலும் அதைத் தெருவில் தூவக்கூடாது. அரை மி.மீ. மணற்பரல் 87 மடங்காகும்போது 4 செ.மீ.க்கு மேற்பட்ட சல்லிக்கல்லாகிவிடும். அது தண்டவாளத்துக்கு அடியில் பரப்பத்தான் உதவும். தெருப் புழுதிக்குச் சலித்த தும்புத்தூளே சிறந்தது. தென்னையின் தடிக்கு ஈர்க்கில், ஓலைக்குத் தும்பு. கயிறு திரிக்கும் ஊரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. மின்கம்பிக்கு ஒரு தலைமுடி போதும். 8 மி.மீ. கம்பியின் 87இல் ஒரு பங்கு ஏறத்தாழ அந்தப் பருமன்தான்.

தெருவிளக்குக்குச் சிறு எல்.இ.டி.கள். கைப்பேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டில் வெள்ளை விளக்கு சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 2 வோல்ட்டுக்கு 220 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் சுமார் 9 மில்லி ஆம்பியராக இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மின்தடை வைக்க வேண்டும். நாம் வகுப்பில் படித்த ஓம் விதி இங்கே தெருவிளக்காக எரிகிறது.

எதை வைப்பது, எதை விடுவது?

இதுவே கடினமான கேள்வி. 400 மீட்டர் கடைத்தெருவை முழுமையாக அமைக்க 4.6 மீட்டர் நீளம் வேண்டும். எங்கள் பலகையோ 6 அடி. ஆகவே பாதிக்கும் மேலாக விட்டுவிட வேண்டியதாயிற்று. கட்டடங்களை மட்டும் எண்ணிப் பொறுக்கினால் மாடிக் கடைகள் எளிதாக இடம்பிடித்துவிடும். சாலையோரம் மீன்கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண்களுக்குக் கட்டடம் இல்லை. அளவெடுக்கச் சுவரும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அது எங்கள் தெருவே அன்று. ஒரு மாடிக் கடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து பெண்களை உட்கார வைத்தோம். உட்கார்ந்த நிலையில் ஒவ்வொருவரும் 9 மி.மீ. உயரம். எங்கள் மாதிரியைப் பார்க்க வந்த ஊரார் முதலில் அடையாளம் கண்டது அவர்களைத்தான்.

வெளிநாட்டு மாதிரிப் பெட்டிகளில் கூம்புக் கூரை வீடுகளும் மாதா கோயில்களும் அழகாக அச்சாகி வருகின்றன. அவற்றை ஒட்டி வைப்பது எளிது. ஆனால் அவை வேறொருவர் வாழ்ந்த தெருவைக் காட்டுபவை. நம் தெருவை யாரும் பெட்டியில் அடைத்து விற்கப் போவதில்லை. அதை நாமே அளந்தாக வேண்டும். கடைகள் இடிந்து புதிதாக எழும்பும் இந்நாளில், இன்றைய தெருவின் அளவுகள் ஒரு நோட்டிலாவது பதிந்திருப்பது நல்லது.

மாணவ நண்பர்களே! ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு, பழைய அட்டை, பொறுமை ஆகியவை இருந்தால் போதும். இயற்பியல், கணிதம், வரலாறு ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்தால் அவரவர் ஊர்த் தெருவை அடுத்த ஆண்டுக் கண்காட்சியிலேயே காட்டலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டுவார்களாக!