குட்டியைப் பார்க்கப் போனால் தாயையும் பாருங்கள்

சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி கையடக்கத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கணவர் காணாமற் போனபின் தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைப்பவள். திரையிலே பஞ்சுப் பொதி போல ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி.

"அக்கா, இது அசல் பேர்சியனாம். ஆணும் பெண்ணுமா ஒரு சோடி எடுத்தால் குட்டி வித்தே சீவிக்கலாம் எண்டு சொல்லுறாங்கள். முற்பணம் ஐயாயிரம் குடுத்திட்டன். மிச்சத்துக்குத் தம்பி கனடாவில இருந்து அனுப்பின காசு கிடக்கு."

அந்தக் காசு ஓவர்லொக் மெசின் வாங்குவதற்காக வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் சில வருடங்கள் மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தவள். அதனால்தான் அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். போவதற்கு முன் அவளுக்குச் சொன்னவற்றை, இதே யோசனையில் இருக்கக்கூடிய மற்றைய சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

நீள மயிர் இருந்தால் பேர்சியன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீள மயிருக்குரிய பரம்பரை அலகு சாதாரண ஊர்ப் பூனைகளிடமும் மறைந்து கிடக்கலாம். தாய்க்கும் தகப்பனுக்கும் அது இருந்தால், இரண்டும் குட்டை மயிர்ப் பூனைகளாக இருந்தும் நீள மயிர்க் குட்டி பிறக்கும். பேர்சியனுக்கு வட்டத் தலை, சிறிய காது, கட்டையான கால், திரட்சியான உடம்பு, குட்டை மூக்கு எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். சியாமீஸ் பூனையின் கதையும் இதுதான். முகம், காது, கால், வால் மாத்திரம் கறுத்திருக்கும் அந்த நிறம், உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் மாத்திரம் சாயம் ஊறுவதால் வருவது. அதனால் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகவே இருக்கும். அந்த நிறம் கலப்புப் பூனைக்கும் வரும். நிறத்தை வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? தாய் தகப்பனை வைத்துத்தான். 1871ஆம் ஆண்டு இலண்டன் கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் பின்னர் இனப் பூனைகளைப் பதிந்து வைக்கும் சங்கங்கள் உருவாகின. அமெரிக்காவில் 1906இலும் பிரித்தானியாவில் 1910இலும் தொடங்கிய சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. இப்படியான சங்கம் கொடுக்கும் வம்சாவளிப் பத்திரத்தில் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி எல்லோருடைய பெயரும் பதிவு இலக்கமும் இருக்கும். பத்திரம் இல்லாத குட்டியைப் 'பேர்சியன் சாயல்' என்று சொல்லலாம். அதிலே குறைவொன்றும் இல்லை. ஆனால் விலையும் சாயலுக்குரிய விலையாக இருக்க வேண்டும்.

பத்திரத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது நோய். பேர்சியன் பூனைகளிடம் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு வரும். வெளியே தெரிய ஏழு வயது வரையும் ஆகலாம். அதற்குள் அந்தப் பூனை எத்தனையோ குட்டிகளைப் போட்டுவிடும். இந்த நோய்க்குரிய பரம்பரை அலகின் பிழையை 2004இல் கண்டுபிடித்தார்கள். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள். வளர்ந்த பூனையை ஸ்கேன் செய்தும் பார்க்கலாம். காது மடிந்த ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் பூனை இன்னும் பாவம். 1961இல் ஸ்கொட்லாந்துப் பண்ணையொன்றில் கண்ட ஒரு வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம் அது. காதை மடிக்கும் அதே குருத்தெலும்புக் குறை மூட்டுக்களையும் வருத்தும். படத்தில் அழகாக இருக்கிறது என்று அதை மாத்திரம் வாங்காதீர்கள்.

நாங்கள் போன வீட்டில் விற்கிறவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. படலையடியிலேயே குட்டியைக் கொண்டுவந்து கையில் தந்தார். கண்ணால் நீர் வழிந்தது. மூக்கு ஒழுகியது.

"தாய்ப் பூனை எங்கை தம்பி?"

"அது வேற இடத்தில நிக்குது அக்கா."

"பத்திரம்?"

"பிறகு வரும்."

"எத்தினை கிழமை?"

"ஆறு."

ஆறு கிழமைக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. பிரித்தானியச் சங்கம் பதின்மூன்று கிழமைக்கு முன் கொடுக்க வேண்டாம் என்கிறது. வாந்தியும் வயிற்றோட்டமுமாக இரண்டு நாளில் குட்டிகளைக் கொண்டுபோகும் வைரசு நோய்க்குரிய தடுப்பூசியும் அதற்குள் போட்டு முடிந்திருக்க வேண்டும். தங்கச்சி குட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். ஐயாயிரம் திரும்பி வரவில்லை. சிட்டை ஒன்றும் எழுதி வாங்கவில்லையே, எதைக் காட்டிக் கேட்பது?

பிறகு வேறொரு அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனோம். அவர் வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தினார். தாய்ப் பூனை கதிரையில் படுத்திருந்தது. ஸ்கேன் அறிக்கையும் தடுப்பூசி அட்டையும் பத்திரமும் ஒரே கோவையில் இருந்தன. ஆனால் கேள்வி கேட்டது அவர்தான். வீட்டில் மின்விசிறி இருக்கிறதா? தட்டை மூக்குப் பூனை வெக்கை தாங்காது. தினமும் மயிர் வார யாருக்கு நேரம்? நாய் நிற்கிறதா? வளர்க்க முடியாமற் போனால் தன்னிடமே திருப்பித் தருவோமா?

"பொம்பிளை பார்க்க வந்தவை மாதிரிக் கேக்கிறா" என்று தங்கச்சி என் காதுக்குள் சொன்னாள். எனக்கோ அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

குட்டி விற்றுச் சீவிக்கும் யோசனையைச் சொன்னதும் அந்த அம்மா ஒளிக்காமல் கணக்குச் சொன்னார். ஒரு வயது நிரம்பும் முன் பெண் பூனையைச் சேர்க்கக்கூடாது. ஒவ்வொரு பருவத்துக்கும் சேர்க்கவும் கூடாது. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது கிழமை. வட்டத் தலைக் குட்டிகள் சிக்கிக்கொண்டால் சத்திரசிகிச்சை. போன முறை அவருக்கு அந்தச் செலவோடு குட்டி விற்ற காசு முழுவதும் போய்விட்டதாம். "தையல் தெரிஞ்ச பிள்ளை, மெசினை வாங்கு" என்றார்.

மெசின் வந்துவிட்டது. மகளின் ஆசைக்காக ஒரு பெண் குட்டிக்கு மாத்திரம் சொல்லி வைத்திருக்கிறாள். பிறகு கருத்தடை செய்விப்பதாக எழுதிக் கொடுத்ததால் அந்த அம்மா விலையையும் குறைத்திருக்கிறார். இம்முறை முற்பணத்துக்குச் சிட்டை இருக்கிறது. குட்டிக்கு இப்போது ஒன்பது கிழமை. மகள் கலண்டரில் நாளுக்கு நாள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.